ஜான் மாஸ்டர்ஸ்: எல்லைப் போர்களை எழுதிய கூர்க்கா அதிகாரி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய புத்தகக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய ஒரு நாவலில் தொடங்கியது இந்த ஈடுபாடு. பிறகு கிடைத்ததை எல்லாம் தேடித் தேடி வாங்கி, நண்பர்களுக்கும் கொடுத்துப் படிக்கவைத்தேன். படித்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்தால் புதிதாக வருகிறவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

யார் இந்த ஜான் மாஸ்டர்ஸ்?

1914 அக்டோபர் 26 அன்று கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயர். தலைமுறை தலைமுறையாக இந்தியாவில் வேலை பார்த்த குடும்பம். படிப்புக்கு இங்கிலாந்து போனார், சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்றார், 1934இல் அதிகாரியாக இந்தியாவுக்கே திரும்பினார். அந்தக் கால வழக்கப்படி முதல் வருடம் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனோடு கழிந்தது. அப்புறம் நேபாள வீரர்களைக் கொண்ட 4ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸின் இரண்டாவது பட்டாலியனில் சேர்ந்தார்.

வடமேற்கு எல்லை, இரண்டாம் உலகப் போரில் இராக், சிரியா, ஈரான், கடைசியில் பர்மா என்று பதினான்கு வருடம் பணியாற்றி, லெப்டினன்ட் கர்னலாக 1948இல் ராணுவத்தை விட்டார். அதன் பிறகு அமெரிக்காவில் குடியேறி நாவலாசிரியர் ஆனார். 1983 மே மாதம் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இறந்தார்.

எல்லைப்புறம் என்று எதைச் சொல்கிறார்கள்?

இது புரியாமல் அவருடைய கதைகளுக்குள் போனால் பாதி ருசி போய்விடும். இன்றைய பாகிஸ்தான்–ஆப்கானிஸ்தான் எல்லைதான் அன்றைய 'ஃப்ரான்டியர்'. ஆனால் அது வரைபடத்தில் கிழித்த ஒற்றைக் கோடு அல்ல. பெஷாவர், கோஹாட், பன்னு போன்ற ஊர்களோடு பிரிட்டிஷாரின் நேரடி நிர்வாகம் முடிந்துவிடும். 1893இல் போட்ட டியூரண்ட் கோடு அதற்கு மேற்கே மலைகளுக்குள் ஓடியது. இரண்டுக்கும் நடுவில் இருந்ததுதான் பழங்குடி நிலம். வரி கிடையாது, போலீஸ் கிடையாது, பிரிட்டிஷ் சட்டம் கிடையாது. பஷ்தூன் குலங்கள் தங்கள் வழக்கப்படி வாழ்ந்தார்கள். வந்தவனுக்கு விருந்து, அடைக்கலம் கேட்டவனுக்குப் பாதுகாப்பு, ரத்தத்துக்கு ரத்தம்.

அந்த நிலத்தின் தெற்குப் பகுதிதான் வசீரிஸ்தான். வசீர்களும் மஹ்சூதுகளும் வாழும் மலை. பிரிட்டிஷ் ஆட்சி ஏறத்தாழ நூறு வருடம் இந்த மலைகளோடு மல்லுக்கட்டியது. ஆப்கானியரோடு மட்டும் 1839–42, 1878–80, 1919 என்று மூன்று போர்கள். நடுநடுவே நடந்த சிறிய படையெடுப்புகளுக்குக் கணக்கே இல்லை.

அவர் நேரில் பார்த்த போர் எப்படிப்பட்டது?

எனக்குப் பிடித்த கேள்வி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1936இல் பன்னு ஊரில் ஒரு வழக்கு. ஒரு இந்துப் பெண் முஸ்லிமாக மாறி ஒரு பஷ்தூனை மணந்தார் என்று ஒரு தரப்பு சொன்னது. கடத்திவிட்டார்கள் என்று மறு தரப்பு சொன்னது. கடைசியில் அந்தப் பெண் பெற்றோரிடமே ஒப்படைக்கப்பட்டார். இதில் மூண்ட கோபத்தை ஒன்றுதிரட்டியவர் மிர்ஸா அலி கான் என்ற மதத் தலைவர். இப்பி என்ற ஊரைச் சேர்ந்தவர் என்பதால் 'இப்பியின் ஃபக்கீர்' என்றே வரலாற்றில் நிலைத்துவிட்டார். ஆயிரக்கணக்கான படைவீரர்கள், விமானங்கள், கவச வண்டிகள் எல்லாம் துரத்தியும் அவரைப் பிடிக்கவே முடியவில்லை. பிரிட்டிஷார் போன பிறகு பாகிஸ்தானையும் எதிர்த்து நின்று, 1960இல் மலையிலேயே இயற்கையாக இறந்தார்.

இருபது சொச்சம் வயது மாஸ்டர்ஸ் இந்தப் போரில்தான் தொழில் கற்றார். 1937 ஏப்ரலில் ஷாஹுர் தங்கி என்ற குறுகலான பள்ளத்தாக்கில் ஒரு லாரி கான்வாயை மஹ்சூதுகள் மறித்துச் சுட்டார்கள். பல அதிகாரிகளும் சிப்பாய்களும் செத்தார்கள். அந்தப் பாதைகளில் ஒரு படை எப்படி நகர வேண்டும் என்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட பாடம்.

அந்தப் பாடத்துக்குப் பெயர் பிக்கெட்டிங். படை பள்ளத்தாக்கின் அடியில் நடக்கும். இரண்டு பக்கமும் குன்றுகள். குன்று எதிரி கையில் இருந்தால் கீழே நடப்பவனுக்கு உயிர் தன் கையில் இல்லை. அதனால் படை ஒரு குன்றை நெருங்கும் முன்பே ஒரு சிறு பிரிவு அதன் உச்சிக்கு ஓடி ஏறி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் பிக்கெட். படை கடந்து போகும்வரை அவர்கள் மேலே காவல் இருப்பார்கள். வால்பகுதி கடந்ததும் கீழேயிருந்து கொடியசைத்து இறங்கச் சொல்வார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மேலே ஏறுவதை எதிரி பெரும்பாலும் தடுக்கமாட்டான். பாறைக்குப் பின்னால் சில அடி தூரத்திலேயே படுத்துக் காத்திருப்பான். பிக்கெட் உச்சியை விட்ட அடுத்த நிமிடம் அவன் அங்கே இருப்பான், ஓடுகிறவர்களின் முதுகு அவன் துப்பாக்கி முனைக்கு நேராக இருக்கும். அதனால் முதலில் சிலர் சத்தமில்லாமல் நழுவ வேண்டும், மீதிப் பேர் கடைசி நொடிவரை தலையைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், பிறகு எல்லோரும் ஒரே பாய்ச்சலாக இறங்க வேண்டும். காயம் பட்டவனை விட்டுவிட்டு வரக்கூடாது. துப்பாக்கியையும் விடக்கூடாது, ஏனென்றால் அந்த மலையில் ஒரு நல்ல ரைஃபிள் பெரிய சொத்து. நேற்று செய்ததை இன்று அதே மாதிரி செய்யக்கூடாது, பார்த்துக்கொண்டிருப்பவன் மறக்கமாட்டான்.

'பகிள்ஸ் அண்ட் எ டைகர்' (1956) என்ற தன்வரலாற்றில் இதையெல்லாம் அவர் எழுதியிருக்கிற விதத்தைப் படித்தால் நம் முழங்கால் வலிக்கும். என் அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். அவருக்கு ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது. நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "இவன் மலை ஏறியிருக்கான்" என்றார். அதற்கு மேல் ஒரு விமர்சனம் எனக்குத் தேவைப்படவில்லை.

ரஸ்மக் என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

வசீரிஸ்தானில் ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் இருந்த பெரிய ராணுவ முகாம். சுற்றிலும் முள்வேலி, உள்ளே பல ஆயிரம் ஆண்கள். குடும்பங்களுக்கு அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே கால் வைத்தால் போர்க்களம். மாஸ்டர்ஸின் எல்லைப்புற வாழ்க்கை தொடங்கியது இங்கேதான். 1947 இறுதியில் பாகிஸ்தான் இதைக் காலி செய்தது.

சரி, எல்லைப் போரைப் பற்றிய நாவல் எது?

'தி லோட்டஸ் அண்ட் தி விண்ட்' (1953). இரண்டாம் ஆப்கன் போரின் காலம். ராபின் சாவேஜ் என்ற இளம் கூர்க்கா அதிகாரியைக் கோழை என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். அவன் பயந்தவன் அல்ல. மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்து செய்கிற எதிலும் ஒட்ட முடியாதவன், அவ்வளவுதான். பிறகு அவனையே ரஷ்யர்களின் திட்டத்தை அறிய மத்திய ஆசியாவுக்கு உளவாளியாக அனுப்புகிறார்கள். கூடவே ஜக்பீர் என்ற கூர்க்கா வீரன். வீட்டில் காத்திருக்கும் மனைவி ஆன். தலைப்பில் உள்ள காற்று ராபின் என்றால் தாமரை ஆன்.

வெளியில் இது பிரிட்டனும் ரஷ்யாவும் ஆடிய சதுரங்கத்தின் கதை. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. வெட்டவெளியையும் தனிமையையும் விரும்பும் ஒருவன், அன்பான ஒரு பெண்ணுக்குக் கணவனாக இருக்க முயன்று தோற்பதுதான் என்னைப் பிடித்துவைத்தது. தளபதிகள் மட்டுமே நிறைந்த போர் நாவல்களுக்கு நடுவில் இப்படி ஒரு நாயகனை ஒரு ராணுவ அதிகாரி படைத்தார் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

சாவேஜ் குடும்பம் என்றால்?

ஒரே ஆங்கிலக் குடும்பத்தின் பல தலைமுறைகளை வைத்து, இந்தியாவில் பிரிட்டிஷார் இருந்த காலம் முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஜேசன் சாவேஜ் 17ஆம் நூற்றாண்டில் வருகிறான் ('கோரமாண்டல்!'). வில்லியம் சாவேஜ், வழிப்போக்கர்களைக் கொன்று கொள்ளையடித்த தக்கர்களைத் துரத்துகிறான் ('தி டிசீவர்ஸ்', வில்லியம் ஸ்லீமன் என்ற உண்மை அதிகாரியின் வேலையிலிருந்து எடுத்தது). 1857 கலகத்தில் ஒரு ராட்னி சாவேஜ் ('நைட்ரன்னர்ஸ் ஆஃப் பெங்கால்'). 1946இல் அதே பெயரில் இன்னொரு ராட்னி ('பவானி ஜங்ஷன்'). நாவல்களை எழுதிய வரிசை வேறு, கதை நடக்கும் காலவரிசை வேறு. எதை முதலில் எடுத்தாலும் குழப்பம் வராது.

எதில் தொடங்கலாம்?

'பகிள்ஸ் அண்ட் எ டைகர்'. நாவல் அல்லவே என்று யோசிக்காதீர்கள், நாவலைவிட வேகமாகப் போகும். அடுத்து 'தி லோட்டஸ் அண்ட் தி விண்ட்'. மூன்றாவதாக 'தி ராவி லான்சர்ஸ்' (1972): முதல் உலகப் போரில் பிரான்ஸுக்குக் கப்பலேற்றப்பட்ட ஓர் இந்தியக் குதிரைப்படையின் கதை. ஐரோப்பியச் சேற்றில் நின்றுகொண்டு 'இது யாருடைய போர்?' என்று இந்திய வீரர்கள் கேட்கத் தொடங்கும் இடம் அதில் வலுவாக வந்திருக்கிறது.

எழுத்துக்கு எப்படி வந்தார்?

1947இல் இந்தியா விடுதலை பெற்றதும் கூர்க்கா ரெஜிமென்ட்களைப் பங்கு போட்டார்கள். பத்தில் நான்கு பிரிட்டனுக்கு, ஆறு இந்தியாவுக்கு. அவருடைய 4ஆவது கூர்க்கா இந்தியாவுக்கு வந்தது, இன்றும் நம் ராணுவத்தில் இருக்கிறது. அவர் வாழ்ந்த ராணுவம் அதோடு முடிந்தது. பிரிட்டனில் இருந்துகொண்டு வேறொரு ராணுவத்தில் காலம் தள்ள அவருக்கு மனமில்லை.

அமெரிக்காவில் முதலில் இமயமலை நடைப்பயணங்களை ஏற்பாடு செய்யும் தொழில் தொடங்கப் பார்த்தார், நடக்கவில்லை. குடும்பத்தைக் காப்பாற்ற எழுத உட்கார்ந்தார். முதல் நாவலான 'நைட்ரன்னர்ஸ் ஆஃப் பெங்கால்' பல பதிப்பாளர்களிடம் நிராகரிக்கப்பட்டு 1951இல்தான் வெளியானது. அதன் பிறகு பல வருடங்கள், ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்று என்று புத்தகங்கள் வந்தன. ஒரு படை நடவடிக்கையைத் திட்டமிடுவது போலவே நாவலையும் திட்டமிட்டு எழுதியவர். அவர் கதைகளில் யார் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு தூரம், எத்தனை நேரம் என்பது ஒருபோதும் குழம்பாது.

பர்மாவில் என்ன நடந்தது? அதைப் பற்றி ஏன் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள்?

1944இல் ஜப்பானியப் படைகளின் பின்புறத்தில் இறங்கிச் சண்டையிட்ட சிண்டிட் படையில், 111ஆவது பிரிகேடின் முக்கியப் பகுதியை வழிநடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. வயது 29. மே மாதம் பர்மாவின் ரயில் பாதைக்கு அருகே 'பிளாக்பூல்' என்று பெயரிட்ட ஒரு அரணை அமைத்தார்கள். பருவமழை, முழங்கால் சேறு, விடாத பீரங்கிக் குண்டுகள். ஏறத்தாழ பதினேழு நாள் தாக்குப்பிடித்தார்கள். சோறும் குண்டும் தீர்ந்த நிலையில் மே 25 அன்று பின்வாங்க வேண்டியதாயிற்று.

அப்போது நகர்த்தவே முடியாத நிலையில் 19 பேர் கிடந்தார்கள். பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் சொன்னார். தூக்கிப்போக ஆளில்லை, விட்டுப்போனால் ஜப்பானியர் கையில் சிக்குவார்கள். தங்கள் ஆட்களே அவர்களைச் சுட வேண்டும் என்ற உத்தரவை மாஸ்டர்ஸ் கொடுத்தார். ஜூலையில் பிரிகேடில் மிச்சமிருந்த ஏறத்தாழ 2,200 பேரை மருத்துவர்கள் சோதித்தபோது, சண்டைக்குத் தகுதியாக இருந்தவர்கள் 118 பேர்.

இதை அவர் மறைத்திருக்கலாம். 1961இல் வெளியான 'தி ரோட் பாஸ்ட் மாண்டலே' நூலில் அப்படியே எழுதினார். தன்னை நியாயப்படுத்தவும் இல்லை, கண்ணீர் வடிக்கவும் இல்லை. அந்த அத்தியாயத்தை நான் ஒரே ஒருமுறைதான் படித்திருக்கிறேன். மறுபடி எடுக்க மனம் வரவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு அவருடைய நாவல்களில் ஓர் அதிகாரி ஒரு ஆளைப் பார்த்து 'நீ போ' என்று சொல்லும் ஒவ்வொரு இடமும் எனக்கு வேறு மாதிரிக் கனத்தது. ராணுவத்துக்குப் போகாமலே நல்ல போர் நாவல் எழுதியவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கனத்தை மட்டும் அவர்களிடம் நான் பார்த்ததில்லை.

அவர் ஏகாதிபத்தியத்தின் ஆள்தானே? நாம் ஏன் படிக்க வேண்டும்?

ஆமாம், அந்த ஆட்சியின் சிப்பாய்தான். அதை மறந்து படிக்கச் சொல்லமாட்டேன். அவர் மலையை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் பார்த்தார். கூர்க்காக்கள் மேல் அவருக்கு இருந்தது உண்மையான பாசம். பஷ்தூன்கள் மேல் எதிரிக்குரிய மரியாதை. படித்த, அரசியல் பேசுகிற இந்தியர் என்று வந்தால் அந்தப் பாசமும் இல்லை, மரியாதையும் குறைவு. 'பவானி ஜங்ஷன்' நாவலில் காங்கிரஸ்காரர் சுராபாய் சிரிப்புக்கு உரியவராக வருகிறார், ரகசியமாக நாசவேலை செய்பவர் கம்யூனிஸ்ட். விடுதலைப் போராட்டத்தை இவ்வளவு குறுக்கிப் பார்த்தது நாவலின் பெரிய குறை என்றே நினைக்கிறேன். ஆங்கிலோ-இந்தியர்கள் பலருக்கும் அதில் வந்த தங்கள் சித்திரம் பிடிக்கவில்லை. பிற்காலத்தில் தன் குடும்பத்திலேயே இந்திய ரத்தம் இருப்பதை மாஸ்டர்ஸ் அறிந்துகொண்டார்.

ஆனால் ஒன்றும் சொல்ல வேண்டும். தன் தரப்பின் அழுக்கை அவர் துடைத்துக் காட்டவில்லை. எல்லையில் கைதிகளைப் பிடிப்பது அரிது, அரசியல் அதிகாரி (பழங்குடிகளோடு அரசு சார்பில் பேசுபவர்) பக்கத்தில் இல்லாவிட்டால் மிகமிக அரிது என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரியிலிருந்து அங்கே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அரசு ஆவணத்தில் இப்படி ஒரு வரி எளிதில் கிடைக்காது.

நாவல்களில் எவ்வளவு உண்மை?

நிலம், ஆயுதம், நடைமுறை, பேச்சு எல்லாம் உண்மை. பெயர்கள் கற்பனை. பவானி என்ற ஊர் மத்திய இந்தியாவில் அவர் கட்டிய கற்பனை நகரம், நம் ஈரோட்டுப் பக்கத்துப் பவானி அல்ல (இதைப் பலர் கேட்டுவிட்டார்கள்). அவர் கதைகளில் வரும் 13ஆவது கூர்க்கா ரெஜிமென்ட் இருந்ததே இல்லை. தன் சொந்த ரெஜிமென்ட்டின் பெயரைப் போட்டால் கை கட்டிப்போய்விடும் என்பதால் இப்படிச் செய்திருப்பார் என்பது என் ஊகம். 1857 கலகத்துக்கு முன் கிராமம் கிராமமாகச் சப்பாத்தி கைமாறியது மட்டும் வரலாறு. அதை அவர் கதைக்குள் கொண்டுவந்த இடம் அருமை.

திரைப்படமாக வந்திருக்கிறதா?

'பவானி ஜங்ஷன்' 1956இல் ஏவா கார்ட்னர் நடித்து வந்தது, லாகூரில் எடுத்தார்கள். 'தி டிசீவர்ஸ்' 1988இல் பியர்ஸ் பிராஸ்னன் நடித்து வந்தது. புத்தகத்தைப் படித்துவிட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதைகளில் இடம் உண்டா?

'கோரமாண்டல்!' என்ற பெயரே சோழமண்டலம்தான். ஒரு வரைபடத்தை நம்பிக் கடலேறும் இங்கிலாந்துக் கிராமத்து இளைஞன் வந்து சேருவது நம் கரையில். சாகசக் கதை, கொஞ்சம் கனவுத்தன்மையோடு இருக்கும். நம் ஊரைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான், கதையாகப் படித்தால் நன்றாக இருக்கும்.

எல்லைப்புறக் கதைகளிலோ தமிழ்ச் சிப்பாய் கண்ணிலேயே படுவதில்லை. கூர்க்கா, சீக்கியர், பட்டான் (பஷ்தூன்), டோக்ரா என்றுதான் வருவார்கள். அதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் பிரிட்டிஷாரின் ஆரம்பப் போர்களில் பலவற்றை மெட்ராஸ் சிப்பாய்களை வைத்துத்தான் ஜெயித்தார்கள். பிறகு கவனம் வடமேற்கு எல்லைக்குப் போனதும், வடக்கத்தி ஆட்கள்தான் 'போர்க் குணம்' உள்ளவர்கள் என்ற கொள்கை வேரூன்றியது. 1881 முதல் 1885வரை மெட்ராஸ் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபுவே இதை முன்நின்று சொன்னார். நீண்ட அமைதியில் மெட்ராஸ்காரன் மழுங்கிவிட்டான் என்பது அவர் கருத்து. விளைவு, முதல் உலகப் போருக்குப் பின் மெட்ராஸ் காலாட்படை படிப்படியாகக் கலைக்கப்பட்டது. அடுத்த உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். சண்டையில் பாலமும் பாதையும் போடும் மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் இடைவெளி இல்லாமல் நீடித்தது.

நம் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் எழுத இப்படிக் கதை இருக்கிறதா?

இருக்கிறதாவா! ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1948, காஷ்மீர். லடாக்குக்குப் போகும் வழியில் 11,500 அடி உயரத்தில் ஸோஜிலா கணவாய். எதிரி உச்சியில் உட்கார்ந்திருக்கிறான், காலாட்படையின் தாக்குதல்கள் தோற்றுவிட்டன. அந்த உயரத்துக்கு டாங்கிகளை ஏற்றலாம் என்று முடிவெடுக்கிறார்கள். எதிரிக்குத் தெரியாமல் இருக்க டாங்கிகளின் மேல்பகுதியைக் கழற்றி, மூடிக் கொண்டுவருகிறார்கள். ஆனால் டாங்கி ஏற அங்கே பாதை இல்லை, கோவேறு கழுதைத் தடம்தான் இருக்கிறது. அதை அகலப்படுத்தும் வேலை மேஜர் தங்கராஜு தலைமையில் மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு வருகிறது. ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்களைத் 'தம்பிகள்' என்றுதான் கூப்பிடுவார்கள். பனி விழும் மலையில், எதிரியின் குண்டுக்கு எட்டும் தூரத்தில், அந்தத் தம்பிகள் பாறையை உடைத்து வழி செய்தார்கள். நவம்பர் 1 அன்று டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன, எதிரி ஓடினான்.

பனியையே பார்த்திராத ஊர்களிலிருந்து போனவர்கள் அவர்கள். கடப்பாரையைப் பிடித்த கைக்கு அந்தக் குளிர் எப்படி இருந்தது, இரவில் என்ன பேசிக்கொண்டார்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் தமிழில் ஒரு நாவலாக வர வேண்டும் என்று பல வருடமாக ஆசைப்படுகிறேன். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ அந்தப் படையில் இருந்து, அவர் எழுதிய கடிதமோ நோட்டுப் புத்தகமோ பரணில் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.